குச்சியைப் படிக்காமல் சினை ஊசி போட விடாதீர்கள்

கறவை மாடு வைத்திருக்கும் எல்லோரும் இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். உறைவிந்துக் குச்சிகள் (விந்து அடைத்த மெல்லிய குழாய்கள்) வைத்த திரவ நைட்ரஜன் கேனைப் பைக்கில் கட்டிக்கொண்டு வீடு தேடி வந்து, "செக்ஸ்டு செமன், கிடேரிக் கன்று கேரண்டி" என்று, அதாவது பெண் கன்று பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்து என்று சொல்லி, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டுவிட்டுப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். முறையாகப் பயிற்சி எடுத்து, பதிவு செய்துகொண்டு, ராத்திரி கூப்பிட்டாலும் வருகிற தனியார் பணியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியது அல்ல இந்தப் பதிவு.

ஒரு ஊரில் நடந்ததைச் சொன்னால் விஷயம் புரியும். ஒரே வாரத்தில் ஏழு மாடுகளுக்கு ஒரே ஆள் ஊசி போட்டிருக்கிறார். ஊசிக்கு 1,500 ரூபாய். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன் என்கிற பெரிய உருவ வெளிநாட்டுக் கறவை இனம்) காளை, அதன் தாய் முப்பது லிட்டர் கறந்தது என்று படம் போட்ட அட்டையையும் காட்டியிருக்கிறார். ஏழில் ஒன்றுகூடச் சினை நிற்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் மாட்டின் மேல்தான் குறை என்று நினைத்திருக்கிறார்கள்: தாது உப்பு வைக்கவில்லை, வெயில் அதிகம், பருவத்தைத் தவறவிட்டோம் என்று ஆளுக்கொரு காரணம். சங்கத்துக்குப் பால் ஊற்றப் போன இடத்தில் பேச்சு வந்து, தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஏழு மாடுகளும் 19 முதல் 22 நாளுக்குள் மறுபடி பருவத்துக்கு வந்திருக்கின்றன. ஒரு வீட்டில் மட்டும் காலிக் குச்சியைக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருந்தார்கள். அதில் அச்சாகியிருந்தது ஜெர்சி என்கிற வேறு இனத்தின் பெயர். பாலினம் பிரித்த விந்து என்பதற்கான குறிப்பு எதுவும் அதில் இல்லை.

இந்த மோசடி இவ்வளவு சுலபமாக நடப்பதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. நல்ல குச்சி, நல்ல கை, சரியான நேரம் என்று எல்லாம் கூடிவந்தாலும் ஒரே ஊசியில் எல்லா மாடும் நின்றுவிடாது. பத்து மாட்டுக்குப் போட்டால் மூன்று, நான்கு நிற்பதே நம் கிராமங்களில் வழக்கம். அதனால் நிற்காத மாட்டைப் பார்த்து "விந்து செத்துப்போனது" என்று ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. கிடேரி கேரண்டியும் இதே கதைதான். சாதாரணக் குச்சியைப் போட்டாலும் பிறப்பதில் ஏறக்குறைய பாதி கிடேரியாகத்தான் இருக்கும். பிறந்தால் அவர் சொன்னது பலித்தது என்று ஊரெல்லாம் பேசுவார்கள். காளைக்கன்று பிறந்த வீட்டுக்காரர் ஒன்பது மாதம் கழித்து யாரைத் தேடிப் போவது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் தமிழ்நாட்டில் மாட்டினப் பெருக்கத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. பொலிகாளை, உறைவிந்து தயாரிக்கும் நிலையம், சேமித்து விற்கும் இடம், ஊசி போடுகிற ஆள் எல்லாமே பதிவுக்கு உட்பட்டவை. விந்து நிலையங்களுக்கு ஒன்றிய அரசின் குறைந்தபட்சத் தர நெறிமுறையும் இருக்கிறது. காளையைத் தனிமைப்படுத்தி வைத்து, கன்று வீச்சு நோய் (புருசெல்லோசிஸ்), காசநோய், ஜோன்ஸ் நோய் (நாள்பட்ட கழிச்சல்), சேர்க்கையில் பரவும் கேம்பைலோபாக்டர், டிரைக்கோமோனாஸ் கிருமிகள் எல்லாவற்றுக்கும் சோதித்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் விந்து எடுப்பார்கள். 0.25 மில்லி குச்சி ஒன்றில் 2 கோடி விந்தணு இருக்கவேண்டும். உறைநிலையிலிருந்து உருக்கிப் பார்க்கும்போது பாதியாவது உயிரோடு முன்னோக்கி நீந்த வேண்டும். ஊட்டி, ஓசூர், தஞ்சை ஈச்சங்கோட்டை, சென்னையை அடுத்த அலமாதி ஆகிய இடங்களில் உள்ள நிலையங்களிலிருந்து வரும் குச்சிகளுக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது. அந்த வேலை முழுவதும் வீணாவது கடைசி ஐந்து கிலோமீட்டரில், கேனிலிருந்து மாட்டுக்குப் போகிற வழியில்தான்.

ஆகவே கொட்டகையில் நீங்கள் பார்க்கவேண்டியது குச்சி, கேன், தண்ணீர்.

குச்சியை மாட்டுக்குப் போடும் முன் கையில் வாங்கிப் படியுங்கள். உருக்கித் துடைத்த பிறகு, கன்னில் (விந்தைச் செலுத்தும் நீளமான கருவியில்) ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் கேளுங்கள்; விவரம் தெரிந்த ஆள் மறுக்கமாட்டார். பென்சில் முள் மாதிரி மெல்லிய குழாய், நீளம் 13 சென்டிமீட்டர் சொச்சம். அதன் மேல் பொடி எழுத்தில் நிலையத்தின் பெயரோ குறியீடோ, காளையின் எண், இனம், விந்து எடுத்த தேதி அல்லது தொகுதி எண் அச்சாகியிருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போனில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். ஒரு முனையில் பஞ்சு அடைப்பு இருக்கும், மறுமுனை உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். அச்சே இல்லாத குச்சி, எழுத்தைச் சுரண்டிய குச்சி, பேனாவால் எழுதிய குச்சி, முனை ஏற்கனவே வெட்டிய குச்சி எதுவானாலும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அந்தப் பருவம் போனால் 21 நாள்தான் நட்டம்.

தேதி பழையதாக இருக்கிறதே என்று மட்டும் பயப்படவேண்டாம். மைனஸ் 196 டிகிரியில் விடாமல் மூழ்கியிருந்த விந்து பல வருடம் கெடாது. அந்த "விடாமல்" என்பதில்தான் சிக்கல். நைட்ரஜன் தினமும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். 3 லிட்டர் சின்னக் கேனைத் தினமும் திறந்து மூடினால், ஒரு முறை நிரப்பியதைப் பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் நம்பமுடியாது. ஒரே ஒரு ராத்திரி கேன் காய்ந்துபோனாலும் உள்ளே இருக்கும் அத்தனை குச்சியும் செத்துவிடும். மறுநாள் நைட்ரஜன் ஊற்றினால் குச்சி பழையபடி உறைந்து கல்லாகிவிடும், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. அந்த ஏழு மாடுகள் விஷயத்தில் நடந்தது இதுதான். ஊர்க்காரர்கள் வற்புறுத்தி அந்தக் கேனிலிருந்து இன்னொரு குச்சியை வாங்கிக் கால்நடை மருத்துவரிடம் கொடுக்க, அவர் உருக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். ஒரு விந்தணுகூட நகரவில்லை.

கேன் மூடியைத் திறந்ததும் அளவுகோலை விட்டுக் காட்டச் சொல்லுங்கள். மரக் குச்சியோ பிளாஸ்டிக் அளவுகோலோ, உள்ளே விட்டு எடுத்து லேசாக ஆட்டினால் நைட்ரஜன் இருந்த உயரம் வரை வெள்ளையாகப் பனி பூக்கும். அதுதான் மட்டம். பனி மூன்று விரற்கடைக்கும் குறைவாக இருந்தால் அந்தக் கேனில் ஊசி வேண்டாம். குச்சி எடுக்கும் விதத்தையும் கவனியுங்கள். சரியாகச் செய்கிறவர், குச்சிகள் நிற்கும் குவளையைக் கேனின் கழுத்துக்குக் கீழேயே நிறுத்தி, இடுக்கியால் ஒரே ஒரு குச்சியைப் பத்து நொடிக்குள் எடுத்துவிட்டுக் குவளையை உடனே இறக்குவார். வெளியே முழுசாகத் தூக்கி, வெயிலில் வைத்து, ஒவ்வொரு குச்சியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தேடுகிறவர் கையில் உங்கள் குச்சி மட்டுமல்ல, அடுத்த வீட்டுக்குப் போகவேண்டியதும் சேர்ந்து கெடுகிறது. இந்தச் சூடு ஒவ்வொரு வீட்டிலும் சேர்ந்துகொண்டே போகும். கடைசி வீட்டு மாட்டுக்கு எதுவும் மிஞ்சாது.

உருக்குவதற்கு 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர், 30 நொடி. தெர்மாஸில் சுடுதண்ணீர் கொண்டுவந்து வெப்பமானி வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அக்குளில் வைப்பது, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவது, குழாய்த் தண்ணீரில் காட்டுவது எல்லாமே தவறு. தண்ணீரிலிருந்து எடுத்த குச்சியைச் சுத்தமாகத் துடைக்கவேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் விந்தில் கலந்தாலும் அணுக்கள் வெடித்துச் சாகும். உருக்கியதைப் பதினைந்து நிமிடத்துக்குள் போட்டுவிடவேண்டும். முதல் வீட்டிலேயே மூன்று குச்சியை உருக்கி எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றி வருகிற ஆளை அண்டவிடாதீர்கள்.

இன்னொன்று. கையுறை போட்டு ஆசனவாய் வழியாகக் கருப்பையைத் தடவிப் பார்க்காமல் யாரும் ஊசி போடக்கூடாது. சினையாக இருக்கும் மாடும் சில சமயம் பருவத்துக்கு வந்தது போலக் காட்டும். அப்போது கன்னைக் கருப்பைக்குள் செலுத்தினால் உள்ளே இருக்கும் கன்று போய்விடும். ஊசிக் காசுக்காக அவசரப்படுகிறவர்கள் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

செக்ஸ்டு செமன் பொய்யில்லை, உண்மையான தொழில்நுட்பம். ஊட்டியில் அரசே தயாரிக்கிறது. ஆனால் நூற்றுக்கு நூறு கிடேரி என்று எந்த நிலையமும் சொல்வதில்லை, தொண்ணூறு சதவீத அளவுக்குத்தான் சொல்வார்கள். ஒரு குச்சியில் இருப்பது ஏறத்தாழ 20 லட்சம் அணுதான், சாதாரணக் குச்சியில் பத்தில் ஒரு பங்கு. அதனால் கேனிலோ உருக்குவதிலோ நேரத்திலோ சின்னப் பிசகு வந்தாலும் தாங்காது. ஒழுங்காகப் பருவம் காட்டுகிற, நோய் நொடியில்லாத கிடேரிக்கும் முதல் ஈற்று, இரண்டாம் ஈற்று மாட்டுக்கும்தான் அதைப் பரிந்துரைக்கிறார்கள். மூன்று நான்கு முறை போட்டும் நிற்காத மாட்டுக்கு "இதைப் போட்டால் நிற்கும்" என்று விற்றால் அது அப்பட்டமான ஏமாற்று. அதே போல் சின்ன உருவ ஜெர்சிக் கலப்புக் கிடேரிக்கு, பால் ஆசை காட்டி எச்.எஃப். போட்டுவிட்டால் கன்று பெரிதாகி ஈனமுடியாமல் தாயையே இழக்க நேரும். சமவெளி வெயிலுக்கு எச்.எஃப். ரத்தம் கூடக்கூட மாடு இரைத்துக்கொண்டே நிற்கும், சினையும் நிற்காது.

ஊசி போட்ட தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். காலையில் பருவம் கண்டால் சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை என்பது பொது வழக்கம். கண்ணாடி போலக் கோழை தொங்குவதும், மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நின்று கொடுப்பதும்தான் சரியான அறிகுறி, கத்துவதை மட்டும் நம்பவேண்டாம். மறுபடி பருவம் வந்தால் எத்தனை நாளில் வந்தது என்று கணக்குப் பாருங்கள். 18 முதல் 24 நாளுக்குள் வந்தால் பெரும்பாலும் கருவே உருவாகவில்லை, விந்தோ நேரமோ தவறு. 30, 40, 50 நாள் என்று தள்ளித் தாறுமாறாக வந்தால் உருவான கரு செத்திருக்கலாம், நோய் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இந்த இரண்டாவது கணக்கு ஊர்க்காளைக்குச் சேர்ப்பவர்களுக்கு மிக முக்கியம். வாடகைக்குக் காளை கொண்டுவருகிறவர்கள் லேமினேட் செய்த "சான்றிதழ்" ஒன்றைக் காட்டுகிறார்கள். வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் அது லாரியில் ஏற்றுவதற்காக வாங்கிய உடல்நலச் சான்று. மாடு பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. காளையின் காது வில்லையில் உள்ள 12 இலக்க எண் சான்றில் இருக்கிறதா, கன்று வீச்சு நோய்க்கு ரத்தச் சோதனை எந்தத் தேதியில் நடந்தது, கேம்பைலோபாக்டருக்கும் டிரைக்கோமோனாஸுக்கும் ஆண்குறி உறையைக் கழுவி எடுத்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள். அந்த இரண்டு கிருமியும் உறைக்குள்ளேயே வருடக்கணக்கில் இருக்கும், காளை துளிகூட மெலியாது. சேர்த்த மாடுகள்தான் ஒவ்வொன்றாகக் கருவை இழக்கும். கன்று வீச்சு நோய் என்றால் ஐந்து மாதத்துக்கு மேல் கன்றை வீசிவிடும், நஞ்சுக்கொடியும் விழாது. அதை வெறுங்கையால் எடுக்கிறவருக்கும், காய்ச்சாத பாலைக் குடிக்கிறவருக்கும் காய்ச்சலும் மூட்டு வலியும் விட்டு விட்டு மாதக்கணக்கில் வரும். வீசிய கன்றையும் நஞ்சையும் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்துவிடுங்கள், நாய் இழுக்க விடாதீர்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் தனித்தனியாகப் போய்ச் சண்டை போடுவதில் பலன் இல்லை. ஒரே ஆளிடம் ஊசி போட்ட வீடுகளைச் சேர்த்து, மாட்டின் காது வில்லை எண், ஊசி போட்ட நாள், மறுபடி பருவம் வந்த நாள், கொடுத்த தொகை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதோடு குச்சியின் படத்தையும் வைத்து உங்கள் பகுதிக் கால்நடை உதவி மருத்துவரிடமும், அங்கே நடக்கவில்லையென்றால் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். முறையாகப் போடப்பட்ட ஊசி என்றால் அது காது வில்லை எண்ணோடு கணினியில் ஏறியிருக்கும். "ஏற்றியாச்சா, காட்டுங்கள்" என்று ஊசி போட்ட அன்றே கேட்கலாம்.

காலிக் குச்சியை மட்டும் குப்பையில் போடாதீர்கள். கழுவிக் காயவைத்து, தேதி எழுதிய உறைக்குள் போட்டு, கன்று ஈனும் வரை பால் கணக்கு நோட்டிலேயே ஒட்டி வைத்திருங்கள்.