பிள்ளையார்பட்டி – குன்றக்குடி காலை நடை: பங்களாக் கதையைக் குறைத்து, கண்மாய்க் கதையைக் கூட்டலாம்

பிள்ளையார்பட்டியில் தொடங்கி, வயலும், பாசன ஏரியான கண்மாயின் கரையுமாகக் குன்றக்குடி போய், மலை ஏறி இறங்கி, வேறு பாதையில் சில ஊர்களைத் தொட்டுக்கொண்டு மறுபடி பிள்ளையார்பட்டிக்கே வந்து சேரும் நடை இது. எங்கள் பக்கத்தில் பழைய வீடு ஒன்றை விடுதியாக்கி நடத்துகிறவர்கள் ஏற்பாடு செய்கிறார்கள். அங்கே தங்காதவர்களும் போகலாம். காலைப் பலகாரம் சேர்த்து ஆளுக்கு 1,200 ரூபாய். ஒன்பது கிலோமீட்டர் என்று சொன்னார்கள். மாப்பிள்ளை கையில் கட்டியிருந்த கடிகாரம் பத்தைத் தாண்டிவிட்டது என்றது.

"பிள்ளையார்பட்டியிலேர்ந்து குன்றக்குடிக்கு நடக்க 1,200 ரூபாயா?" என்று வீட்டில் அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் காவடியோடு கூடி, பழநி வரைக்கும் கால்நடையாகவே போகிற கூட்டம் நாங்கள். ஆனால் மகளும் மாப்பிள்ளையும் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார்கள். அங்கே சவுத் டவுன்ஸ் என்று சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றனவாம். விடுமுறை நாளானால் ஒரு கிராமத்தில் காரை நிறுத்திவிட்டு, குன்றுமேல் ஏறி, நாலு ஊரைச் சுற்றி, கார் நிற்கிற இடத்துக்கே வந்து சேருவார்களாம். "நம்ம ஊர்லயும் இப்படி ஒண்ணு இருக்குன்னா போய்ப் பார்த்துடணும் அத்தை" என்றார் மாப்பிள்ளை. அப்புறம் மறுப்பு ஏது?

காலை ஆறு மணி என்று சொல்லிவிட்டு ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் கிளப்பினார்கள். விடுதியில் தங்கியிருந்த வேறு நான்கு பேர் காப்பி குடித்து முடிக்கும் வரை நாங்கள் கோயில் குளத்தருகே நின்றோம். அந்த நேரத்தில் பிள்ளையாரையாவது பார்த்து வந்திருக்கலாம். மலையைக் குடைந்து, பாறையிலேயே செதுக்கிய பிள்ளையார், இரண்டே கை, வலப்பக்கம் சுழித்த தும்பிக்கை. நகரத்தாரான எங்களுக்கு இது நகரக் கோயில், அதாவது எங்கள் சமூகத்தின் கோயில், வருஷம் முழுக்கப் போகிற இடம். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்க்காமல் நடக்கக் கிளம்புவது அபத்தம்.

வழிகாட்டியாக வந்த தம்பி நல்ல பிள்ளை, பேச்சும் சுத்தம். ஆனால் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது ஒரே பாடம், செட்டிநாட்டுப் பெரிய வீடுகள்: பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி. சுற்றிலும் வீடே இல்லாத வயல் வரப்பிலும் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று அந்த வீடுகளின் பகுதிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டுக்கொண்டே நடந்ததில் வலப்பக்கம் அறுப்புக்கு நின்ற வயலை யாரும் பார்க்கவில்லை.

இந்த நடையின் உயிர் கண்மாய்க் கரைதான். விளம்பரத் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கரை நெடுகப் பனை, ஒரு பக்கம் வயல், மறுபக்கம் தை மாதத்து நிறை தண்ணீர், உள்வாயில் பாதி முங்கிய சீமைக்கருவேல். எங்களோடு தண்ணீர்ப் போத்தல் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அவர் குடும்பம் அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்த குடும்பமாம். மடை திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்து விடுகிற வேலை. மாப்பிள்ளை கலிங்கைக் காட்டி, "இது என்னங்க, மேல வரிசையாக் கல்லு நட்டிருக்கு?" என்று கேட்டதுதான் தாமதம், பையை இறக்கி வைத்துவிட்டார் மனிதர்.

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிவதற்காகக் கட்டியது கலிங்கு. அதன் தலையில் முழங்கால் உயரத்துக்குக் குத்துக்கற்கள், நடுவில் இடைவெளி விட்டு நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அந்த இடைவெளிகளைத் திறந்தே வைத்திருப்பார்கள், வெள்ளம் தடையில்லாமல் போகட்டும் என்று. மழை ஓய்கிற சமயம், இனிப் பெருவெள்ளம் வராது என்று தெரிந்த பிறகு, கல்லுக்குக் கல் நடுவே வைக்கோலும் களிமண்ணுமாக அடைத்துவிடுவார்கள். அதனால் கூடுதலாக நிற்கும் கொஞ்சம் தண்ணீர் கடைசிப் பாய்ச்சலுக்கு உதவும். "அவசரப்பட்டு முன்னாடியே அடைச்சா கரை போயிரும் ஆச்சி. அடைக்காமயே விட்டா பயிரு போயிரும்." ஒரு கல்லிடுக்கில் காய்ந்து கிடந்த பழைய மண்ணை விரலால் சுரண்டி எடுத்துக் காட்டினார், உள்ளே வைக்கோல் தாள் தெரிந்தது. இங்கே வழிகிற தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு, அங்கே வழிவது அதற்கடுத்த ஊருக்கு.

சுண்ணாம்புக் குன்றில் மழைத் தண்ணீர் நிற்கவே நிற்காது என்று மாப்பிள்ளை பதிலுக்குச் சொன்னார். பெய்கிற மழையெல்லாம் உள்ளே இறங்கி, குன்றின் அடியில்தான் ஊற்றாக வருமாம். அதனால் ஊர்களெல்லாம் அடிவாரத்து ஊற்றை ஒட்டி வரிசையாக இருக்கும். மேலே மேய்கிற ஆடுகளுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று குன்றின் மேலேயே குழி வெட்டி, அடியில் களிமண்ணை மிதித்துப் பூசி மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பார்களாம். பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப அதுவும் ஊரணிதானுங்களே" என்றார். இந்தப் பேச்சுக்கு மட்டும் 1,200 கொடுக்கலாம். ஆனால் வழிகாட்டித் தம்பி இதற்குள் மணியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வழியில் ஐயனார் கோயில், வரிசையாக மண் குதிரைகள். பத்து நிமிஷம் நின்றோம், போதும். ஊருக்குள் நுழைந்தால் திண்ணையில் இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள்: "எந்த ஊரு? யாரு வீட்டுப் பொண்ணு?" மகள் எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னாள். தனியார் வயலுக்குள்ளும் சட்டப்படி நடைபாதை, வழி காட்டுகிற அம்புக்குறி எல்லாம் இங்கிலாந்தில் உண்டாம், ஆனால் யார் வீட்டுப் பெண் என்று கேட்க ஆள் கிடையாதாம்.

குன்றக்குடி மலையில் படி ஏறுவது சிரமமில்லை, மூட்டுவலிக்காரியான நானே ஏறினேன். சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டு மேலிருந்து பார்த்தால் நாங்கள் நடந்து வந்த கண்மாயும், அதற்குக் கீழே அடுத்ததும் பளபளவென்று தெரிந்தன. பெரிய மருதுவுக்கு வந்த ராஜபிளவை என்னும் பெருங்கட்டி இந்தக் கோயில் திருநீற்றில் குணமானதாகச் சொல்லும் கதையைத் தம்பி அழகாகச் சொன்னார், அதற்குப் பாராட்டு. ஆனால் அடிவாரத்தில் இருக்கும் குடைவரைகளைக் காட்டவே இல்லை. கேட்டதற்கு, நேரமாகிவிட்டது என்றார்.

பலகாரம் அடிவாரத்தில், வாழையிலையில். இட்லியும் வரமிளகாய்ச் சட்டினியும் அருமை. கவுனி அரிசியில் தேங்காய்ப்பூ போதவில்லை. வெள்ளைப் பணியாரத்தை எங்கோ சுட்டு, ஹாட்பாக்ஸில் அடைத்துக் கொண்டு வந்திருந்தார்கள். சட்டியிலிருந்து எடுத்த கையோடு இலைக்கு வரவேண்டிய பண்டம் அது. மூடி வைத்தால் ஓரத்து மொறுமொறுப்பு போய், எண்ணெய் கோத்துத் துவண்டுவிடும். அதற்குப் பதில் இன்னும் இரண்டு இட்லி வைக்கலாம்.

திரும்பும் பாதிதான் சுமார். தார் ரோடு, வெயில், பஸ்ஸும் லாரியும். நடுவில் ஒரு பெரிய வீட்டைத் திறந்து காட்டினார்கள். சுவர் நன்றாகவே இருந்தது. சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர், கை வைத்தால் குளிர்ச்சி. "எங்க ஊர்க் குன்றை எடுத்து இங்க பூசினாப்ல இருக்கு" என்றார் மாப்பிள்ளை. ஆனால் இந்த வீட்டுக்கே முக்கால் மணி நேரம் போனது. வீடு பார்க்க வேண்டுமென்றால் கானாடுகாத்தானுக்குக் காரில் போய்விட்டு வரலாமே. நடக்க வந்தவர்களுக்குக் கண்மாயைக் காட்டுங்கள்.

போகிறவர்கள் கவனிக்க: குன்றக்குடி போய்ச் சேரும் வரை கழிப்பறை கிடையாது. செருப்பு வேண்டாம், கனமான அடி வைத்த ஷூ போடுங்கள், சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துவிடும். நாய்கள் குரைக்கும், கிட்டே வராது. முன்பதிவு செய்யும்போதே ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் குன்றக்குடியோடு முடித்துக்கொண்டு ஆட்டோவில் திரும்புங்கள், எதையும் இழக்கமாட்டீர்கள்.

என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை. பை தூக்கி வந்த பெரியவரை வழிகாட்டியாகவும், தம்பியை அவர் பேச்சை வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் சொல்பவராகவும் மாற்றினால் நாலரை கொடுப்பேன். விடுதிக்காரர்களிடமும் இதைச் சொன்னேன், பார்க்கிறோம் என்றார்கள். மார்கழியிலும் தையிலும் போங்கள். பங்குனி பிறந்துவிட்டால் பாதி விலைக்குக் கூப்பிட்டாலும் போகவேண்டாம்.