மேப்பிள் என்று தலையில் கட்டப்படும் ரப்பர் மரம்: மாடிப்படிக்குப் பலகை வாங்குகிறவர்கள் கவனிக்க

பெருந்துறைப் பக்கம் ஒரு புது வீட்டு மாடிப்படிக்கு 12 பலகைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் இழைத்தபின் நாலடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அங்குல கனம். "அமெரிக்கன் ஹார்டு மேப்பிளுங்க, கண்ணை மூடிட்டுப் போடலாமுங்க" என்று சொல்லி அதற்கான விலையையும் வாங்கிவிட்டார் வியாபாரி. ஆசாரி ஒரு பலகையின் முனையை அறுத்ததுமே குட்டு உடைந்தது. எல்லாம் ரப்பர் மரம். கடையில் காட்டிய சாம்பிள் துண்டு மட்டும்தான் அசல். பில்லில் வெறுமனே 'வெள்ளை மரம்' என்று இருந்ததால் சரக்கைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள்.

ரப்பர் மரம் ஒன்றும் மட்டமல்ல. மருந்தில் ஊறவைத்துப் பதப்படுத்தியிருந்தால் மேசை, அலமாரிக்கு நன்றாகவே உழைக்கும், ரப்பர் மர விலைக்கு வாங்கினால்.

முதலில் எடை போடுங்கள். உலர்ந்த ஹார்டு மேப்பிள் கன அடிக்குச் சுமார் 20 கிலோ. மேலே சொன்ன பலகை அரை கன அடி என்பதால் 10 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். வந்தவை எட்டரையைத் தாண்டவில்லை. ஆனால் மேப்பிளிலேயே மென்மையான வகையான சாஃப்ட் மேப்பிளும் கிட்டத்தட்ட ரப்பர் மர எடைதான், எனவே இதோடு விட்டுவிடக் கூடாது.

பலகையின் வெட்டுமுனையைக் கூரான உளியால் வழவழப்பாகச் சீவி, தண்ணீர் தடவிப் பாருங்கள். ரப்பர் மரத்தில் ஊசி குத்தியதுபோல் துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். பலகை முகத்தில் அவையே நீளக் கீறல்களாக ஓடும். மேப்பிளின் துளைகளைப் பார்க்க லென்ஸ் வேண்டும். துளையை அடைக்கும் சீலர் பூச்சு அடித்துவிட்டால் இந்த வித்தியாசம் மங்கிவிடும், அதனால் பாலீஷ் போட்ட பலகையை வாங்கவே வாங்காதீர்கள்.

ஹார்டா சாஃப்டா என்பதற்கு நாட்டு மருந்துக் கடை அன்னபேதி (இரும்பு சல்பேட்) போதும். ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, இழைத்த வெள்ளைப் பகுதியில் தடவுங்கள். பச்சை ஓடினால் ஹார்டு, கருநீலம் ஏறினால் சாஃப்ட். மரத்தின் கடினத்தை அளக்கும் ஜங்கா அளவில் ஹார்டு மேப்பிள் 1450, சாஃப்ட் வகையான சிவப்பு மேப்பிள் 950. செருப்புக்கால் படும் படியில் இந்த வித்தியாசம் சீக்கிரமே தெரிந்துவிடும்.

விலையிலும் ஒரு சூது உண்டு. போர்டு அடிக்குச் சொல்லும் விலை மலிவாகத் தோன்றும். 12 போர்டு அடி சேர்ந்தால்தான் ஒரு கன அடி.

அசலே கிடைத்தாலும் ஈரப்பதத்தை மீட்டரில் பாருங்கள். 8 சதவீதத்தில் வந்த பலகை ஆடிக் காற்றில் 12-க்கு ஏறினால், ஓரடி அகலம் சுமார் 4 மில்லிமீட்டர் விரியும். இரு பக்கமும் இறுக்கி ஆணி அடித்தால் பலகை வளையும் அல்லது வெடிக்கும். வாசக்கதவுக்கும் இதையே போடலாம் என்பார்கள், நம்பாதீர்கள். வெயில் மழையில் மேப்பிள் உளுத்துப்போகும், கரையானும் விடாது.

சாம்பிளை வந்த லாட்டிலிருந்தே கண்முன் அறுத்துத் தரச் சொல்லுங்கள். பில்லில் 'ஏசர் சக்காரம்' என்று ஹார்டு மேப்பிளின் தாவரப் பெயரோடு எழுதித் தராத கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.