வைத்தாங்கி: மாமனாரோடு ஒரு மூலப்பத்திரம் பார்க்கப் போனேன்

நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்து நாலு வருடம் ஆகிறது, பிரிட்டிஷ் அரசும் மாவோரி என்ற அந்த நாட்டுப் பூர்வகுடிகளின் தலைவர்களும் 1840இல் ஒப்பந்தம் போட்ட வைத்தாங்கிக்குப் போனதே இல்லை. கும்பகோணத்திலிருந்து மாமனார் வந்த பிறகுதான் கிளம்பினோம். முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: இடத்துக்கு ஐந்துக்கு ஐந்து, எங்களைக் கூட்டிக்கொண்டு போன வேனுக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் டிரைவர் நல்ல மனிதர் என்பதற்காக.

வேன் கதையை முடித்துவிடலாம். ஆக்லாந்திலிருந்து வைத்தாங்கியை ஒட்டிய பைஹியா ஊர் ஏறக்குறைய 230 கிலோமீட்டர், நிற்காமல் போனாலே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். 'முழு நாள் வரலாற்றுச் சுற்றுலா' என்று போட்டிருந்ததை நம்பி ஏறினோம். வழியில் ஒரு தேன் கடையில் முக்கால் மணி நேரம், அப்புறம் கம்பளிச் சால்வை விற்கும் கடையில் அரை மணி நேரம். கடைசியில் வைத்தாங்கிக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம்தான், படகில் எதிர்க்கரை ஊரான ரசலுக்குப் போவது என்று பட்டியலில் இருந்ததும் 'நேரமில்லை' என்று காற்றோடு போய்விட்டது. காசு திரும்பக் கேட்டு மெயில் போட்டேன், இன்று வரை பதில் இல்லை. சொந்தக் கார் இருந்தால் அதில் போய் பைஹியாவில் ஒரு ராத்திரி தங்குங்கள்.

சரி, இடத்துக்கு வருவோம். மாமா முப்பது வருடம் பத்திர எழுத்தராக இருந்தவர். 'ஒரு ஒப்பந்தம் கையெழுத்தான இடம்' என்று நான் சொன்னதும் கோயில் குளம் எதுவும் கேட்காமல் உடனே சரி என்றதற்கு அதுதான் காரணம்.

கடலைப் பார்த்த ஒரு பெரிய புல்வெளி, நடுவில் கொடிமரம், பின்னால் வெள்ளையடித்த சின்ன மரவீடு. 1833இல் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக வந்த ஜேம்ஸ் பஸ்பியின் வீடு அது. சட்டங்களைச் சிட்னியில் அறுத்துக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டியிருக்கிறார்கள். பஸ்பியிடம் படையும் இல்லை, அதிகாரமும் இல்லை. கடிதம் எழுதுவதுதான் வேலை. 1835இல் 34 மாவோரித் தலைவர்கள் 'இது எங்கள் சுதந்திர நாடு' என்று அறிவித்துக் கையெழுத்திட்டதும் இங்கேதான். அதற்கு ஐந்தே வருடம் கழித்து, அதே வீட்டின் முன்னால் இன்னொரு காகிதம், அதுதான் வைத்தாங்கி ஒப்பந்தம்.

வழிகாட்டியோடு போகும் சுற்று நுழைவுச் சீட்டிலேயே சேர்ந்தது, அதை மட்டும் தவறவிடாதீர்கள். எங்களுக்கு வந்த பெண்மணி மாவோரி, தன் முன்னோர் ஒருவர் கையெழுத்திட்டவர் என்றார். வருத்தமோ பெருமையோ காட்டாமல், வீட்டு விஷயம் பேசுகிற மாதிரியே சொல்லிக்கொண்டு வந்தார். பிரிட்டிஷ் அரசின் சார்பில் ஒப்பந்தம் போடக் கடற்படை கேப்டன் வில்லியம் ஹாப்சன் வந்து இறங்குகிறார். ஆங்கில வரைவைப் பாதிரியார் ஹென்றி வில்லியம்சிடம் கொடுக்க, அவரும் மகனும் பிப்ரவரி 4 ராத்திரியோடு ராத்திரியாக மாவோரியில் பெயர்க்கிறார்கள். 5ஆம் தேதி கூட்டம், காரசாரமான பேச்சு. 7ஆம் தேதி மறுபடி கூடுவதாக இருந்தது, ஆனால் வந்தவர்களுக்குச் சாப்பாடு போதவில்லை, தலைவர்கள் கிளம்பத் தயாரானார்கள். அதனால் 1840 பிப்ரவரி 6ஆம் தேதியே ஹாப்சனை அவசரமாக அழைக்க, அவர் சாதாரண உடுப்பிலேயே வந்து சேர்கிறார். முதலில் கையெழுத்திட்டவர் ஹோனே ஹெக்கே என்ற மாவோரித் தலைவர்.

"ஒரே ராத்திரியில் பெயர்ப்பா? ஒத்துப் பார்த்தது யார்?" என்று மாமா கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் வழிகாட்டி சிரித்துவிட்டு, "நல்ல கேள்வி, நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றார்.

ஆங்கிலப் படியில் தலைவர்கள் விட்டுக்கொடுத்தது இறையாண்மை. மாவோரிப் படியில் அந்த இடத்தில் இருப்பது 'காவனத்தாங்கா'. கவர்னர் என்ற சொல்லையே எடுத்து ஒட்டுப் போட்டு உருவாக்கியது, கவர்னர் பார்க்கும் நிர்வாகம் என்ற அளவில்தான் பொருள். நாமும் கவர்னரைக் கவர்னர் என்றே எழுதியவர்கள்தானே, சட்டென்று புரிந்தது. அடுத்த பிரிவிலோ நிலம், ஊர், அரும்பொருள் எல்லாவற்றின் மீதும் தலைவர்களின் முழு அதிகாரம் அவர்களிடமே இருக்கும் என்று மாவோரிப் படி சொல்கிறது. நாடெங்கும் சுற்றி வந்த ஒன்பது தாள்களில் 500க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்தோ தங்கள் அடையாளமோ இட்டார்கள். அதில் ஆங்கிலத் தாளில் இட்டவர்கள் வெறும் 39 பேர். மீதி எல்லாம் மாவோரிப் படியில்தான். இதைக் கேட்டதும் மாமா வாயிலிருந்து வந்த ஒரே சொல், "வில்லங்கம்". முதலில் கையெழுத்திட்ட அதே ஹெக்கேதான் பின்னாளில் எதிர்க்கரையில் இருந்த பிரிட்டிஷ் கொடிமரத்தை நாலு தடவை வெட்டிச் சாய்க்க வைத்தவர்.

2016இல் திறந்த அருங்காட்சியகத்தில் அந்தத் தாள்களின் நகல்கள் இருக்கின்றன. மூலம் வெலிங்டன் தேசிய நூலகத்தில். இந்த இடத்தை விட்டு மாமாவை நகர்த்தவே முடியவில்லை. அசல்கள் ஒரு காலத்தில் அரசுக் கட்டடத்தின் அடித்தளத்தில் கிடந்து, ஓரமெல்லாம் எலி கடித்து, ஈரத்தில் ஊறி, 1908இல்தான் கண்டெடுக்கப்பட்டன. "நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கு மாப்பிள்ளை" என்றார், அவர் அதிகம் சிரித்தது அப்போதுதான்.

மரச்சிற்பம் நிறைந்த மன்றத்தில் ஆட்டமும் பாட்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அந்த ஒன்றிலேயே மாமாவுக்கு இடம் பிடித்துவிட்டது. வந்தவர்கள் சார்பில் ஒருவரைத் தலைவராக நிறுத்துவார்கள். எங்கள் கூட்டத்தில் வயதானவர் என்று மாமாவைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். வீரர் ஒருவர் ஈட்டியைச் சுழற்றிக்கொண்டு வந்து தரையில் ஒரு இலையை வைக்கிறார், அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் குனிந்து அதை எடுக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர், நான் பயந்துபோனேன். எடுத்துவிட்டார். அதன் பிறகு மூக்கோடு மூக்கு வைத்து வணக்கம். 35 மீட்டர் நீளப் போர்ப்படகு ஒன்றும் கொட்டகையில் இருக்கிறது, துடுப்புப் போடக் குறைந்தது 76 பேர் வேண்டுமாம். எங்களுக்கு அதை ஓடிக்கொண்டே பார்க்கத்தான் நேரம் இருந்தது.

நியூசிலாந்தில் வசிப்பவர்களுக்குக் கட்டணம் குறைவு, அடையாள அட்டை கொண்டுபோங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குக் கொஞ்சம் கைகடிக்கும்தான், ஆனாலும் கொடுக்கலாம். காலையில் முதல் ஆளாக நுழையுங்கள்.

நம் ஆட்களுக்கு இன்னொரு விஷயம். பிப்ரவரி 6 அன்று கையெழுத்துக்கு முன்னால் எழுந்து, 'இதன் பொருள் இவர்களுக்குப் புரிந்திருக்கிறதா' என்று ஹாப்சனிடம் கேட்ட ஒரே வெள்ளைக்காரர், பைஹியாவில் அச்சகம் நடத்திய வில்லியம் கொலென்சோ. அந்த மாவோரிப் படியை அச்சடித்ததும் அவர்தான். அதற்குச் சில வருடம் முன்னால், வாங்கரை என்ற ஊர்ப் பக்கம் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கல மணியை, இரும்புச் சட்டி கொடுத்து மாற்றி வாங்கியவரும் இதே மனிதர். மணியில் இருந்த எழுத்து தமிழ். அது எப்படி அங்கே போனது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. இப்போது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது, எப்போதும் காட்சியில் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

திரும்பும் வழியில் போனில் படம் காட்டினேன். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்: 'முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி.' கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உடைய உடையன்னு ரெண்டு தடவை வருது, ஆனா யாரோட சொத்துன்னு சந்தேகமே வரல பாருங்க" என்றார். வெலிங்டனுக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இந்த முறை வேன் கிடையாது.