கேலக்ஸி: நாடுகள் கூடி நடத்தும் ஆய்வுத் தளம்

மரபணு வரிசைத் தரவு கையில் இருந்தும், அதை அலச வலுவான கணினியோ நிரல் எழுதத் தெரிந்த துணையோ இல்லாத ஆய்வாளர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, இணைய உலாவியிலேயே அத்தகைய தரவை அலச உதவும் கேலக்ஸி தளத்தைத்தான். 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தத் திறந்த மூலத் திட்டத்துக்கு இன்று அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என மூன்று பெரிய பொது சர்வர்கள் உள்ளன. ஐரோப்பிய சர்வரை ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகக் குழு பராமரிக்கிறது. உலாவியில் கணக்குத் தொடங்கினால் போதும், கட்டணம் கிடையாது.

நான் இதில் பெரும்பாலும், எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்பதைக் காட்டும் ஆர்என்ஏ வரிசைத் தரவையே அலசுகிறேன். பொதுக் காப்பகத்தில் உள்ள தரவின் பதிவெண்ணைக் கொடுத்தால் சர்வரே அதை நேராக இறக்கிக்கொள்கிறது. பிறகு ஃபாஸ்ட்க்யூசி என்ற கருவியில் தரம் பார்த்து, ஹைசாட்2 என்ற கருவி கொண்டு மேற்கோள் மரபணுத்தொகுதியோடு (ஒப்பிடுவதற்கென ஏற்கெனவே தொகுத்து வைத்துள்ள முழு மரபணுத் தொகுப்பு) பொருத்தி, எந்த மரபணுக்களின் செயல்பாடு மாறியுள்ளது என்று கணக்கிடும் டிஈசீக்2 வரை ஒரே திரையில் சென்றுவிடலாம். இவற்றையெல்லாம்விட நான் மதிப்பது ஹிஸ்டரி என்ற பகுதியை. எந்தக் கருவி, அதன் எந்தப் பதிப்பு, என்னென்ன அளவுருக்கள் என்று ஒவ்வொரு படியும் அதில் தானாகவே பதிவாகிறது. அந்த ஹிஸ்டரியின் இணைப்பை அனுப்பினால், வேறொரு நாட்டில் இருப்பவரும் நம் முடிவு எப்படி வந்தது என்பதை ஆராய்ந்து, அதே அலசலைத் தாமே மீண்டும் ஓட்டிப் பார்க்க முடியும். ஆய்வுக் கட்டுரைகளில் வழிமுறைப் பகுதி எவ்வளவு சுருக்கமாக எழுதப்படுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இந்த வசதிக்குப் பின்னால் இருப்பது நாடுகளின் கூட்டுழைப்பு. மேற்கோள் மரபணுத்தொகுதிகளையும், அவற்றில் விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸ்களையும் ஒவ்வொரு சர்வரும் தனித்தனியே தயாரிப்பதில்லை. பொதுவான கோப்புமுறை ஒன்றின் வழியே பகிர்ந்துகொள்கின்றன. கருவிகள் பயோகோண்டா என்ற கூட்டுக் களஞ்சியத்திலிருந்து வருகின்றன. ஐரோப்பிய சர்வருக்கு வரும் வேலைகள், பல்சர் என்ற இணைப்பின் மூலம் வெவ்வேறு நாடுகளின் கணினி மையங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. 2020இல் கொரோனா வைரஸின் மரபுத் தரவை எவரும் சரிபார்க்கும்படி வெளிப்படையாக அலச, இதே கட்டமைப்புதான் கைகொடுத்தது.

குறைகளும் உண்டு. சிறு வரிசைத் துண்டுகளிலிருந்து மரபணுத்தொகுதியைப் புதிதாகக் கோர்ப்பது போன்ற, நினைவகம் அதிகம் தேவைப்படும் வேலைகள் வெகுநேரம் காத்திருக்கின்றன. மூன்று சர்வர்களுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும், கருவிப் பட்டியலும் எல்லாவற்றிலும் ஒன்றாக இல்லை. இவ்வளவு நெருங்கி உழைக்கும் குழுக்கள் இதைச் சீர்செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்க, ஐரோப்பிய சர்வர்களில் பொதுவாகக் கிடைக்கும் 250 ஜிபி சேமிப்பு இடம் சிறு ஆய்வுக்குப் போதும், பெரிய ஆய்வுக்குப் போதாது. நீக்கிய கோப்புகளை நிரந்தரமாக அழிக்கும்வரை அவையும் அந்த இடத்தைப் பிடித்திருக்கும் என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும்.

பயிற்சிப் பாடங்கள் மிகச் சிறப்பானவை, அவையும் இலவசமே. வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்தால், ஐரோப்பிய சர்வர் மாணவர்களுக்கெனக் கணினித் திறனை ஒதுக்கித் தருகிறது.

நோயாளிகளை அடையாளம் காட்டக்கூடிய மரபுத் தரவை மட்டும் இந்தப் பொது சர்வர்களில் ஏற்றக் கூடாது. அத்தகைய ஆய்வு செய்பவர்கள் கேலக்ஸியைத் தம் நிறுவனத்துக்குள்ளேயே நிறுவிக்கொள்ளலாம். மென்பொருள் அதற்கும் தடையின்றிக் கிடைக்கிறது, ஆனால் அதைப் பராமரிக்க ஓர் ஆள் நிச்சயம் வேண்டும்.