ஒரு 20-ஆ, இரண்டு 6-ஆ: குறியை எந்தப் பகடையிடம் ஒப்படைப்பது?

ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வீரர்கள், ஆறு சுற்று, ஆளுக்கு ஐந்து முறை சுட்டால் மொத்தம் முப்பது. இந்த அளவிலான மேஜைப் போர் விளையாட்டுக்கு விதி எழுதுபவர் முதலில் தீர்க்க வேண்டியது, குறி பட்டதா தப்பியதா என்பதை எந்தப் பகடை சொல்லும் என்பதைத்தான். 20 முகப் பகடை ஒன்றா, 6 முகப் பகடை இரண்டின் கூட்டா? என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல.

இரண்டு பகடையின் கூட்டுத்தொகை நடுவில் குவியும், 7 அடிக்கடி விழும், அதனால் அதிர்ஷ்டத்தின் கை ஓங்காது என்பார்கள். பட்டது, படவில்லை என்று இரண்டே விடை உள்ள இடத்தில் இது வெறும் பிரமை. 7-ஓ அதற்கு மேலோ விழ 36-இல் 21 வழி, அதாவது 58.3%. 20 முகப் பகடையில் 9-உம் மேலும் என்றால் 60%. இரண்டிலும் பத்துக்கு நான்கு குண்டு வீண்தான். எவ்வளவு எண் அதிகமாக விழுந்தது என்பதைச் சேதத்தோடு சேர்க்கும் விதி இருந்தால் மட்டுமே அந்தக் குவியல் வேலை செய்யும்.

நிஜமான வித்தியாசம், தேவையான எண்ணை ஒன்று கூட்டும்போது தெரிகிறது. இலக்கு சுவருக்குப் பின்னால் நிற்கிறது என்று 1 கூட்டுங்கள். 20 முகத்தில் 60% 55% ஆகும். முப்பது முறை சுட்டால் ஒன்றரைக் குண்டு குறையும். அது யார் கண்ணிலும் படாது. இரண்டு பகடையில் 58.3% சட்டென்று 41.7% ஆகிறது, அதே முப்பதில் ஐந்து குண்டு போய்விடும். சுவர் தேடி ஓடியது பலித்தது என்று ஆடுபவருக்கு உறைக்கும். 20 முகத்தில் இதே உணர்வு வர 3 கூட்ட வேண்டும். அப்புறம் புகைக்கு 2, ஓட்டத்துக்கு 4 என்று எண்கள் வீங்கி, ஒவ்வொரு உருட்டுக்கும் மனக்கணக்கு.

அந்த வலிமையேதான் இரண்டு பகடையின் பொறியும். தேவை 7, 8, 9, 10, 11, 12 என்று ஏறும்போது வாய்ப்பு 58.3, 41.7, 27.8, 16.7, 8.3, 2.8 என்று சரிகிறது. ராட்சதப் போர் இயந்திரங்கள் மோதும் பேட்டில்டெக் என்ற மேஜை விளையாட்டில் இதைப் பார்க்கலாம்: சுடுபவரின் திறனுக்கு 4, ஓடிக்கொண்டே சுட்டால் 2, நெடுந்தூரத்துக்கு 4, ஆக 10. இலக்கு ஐந்து கட்டம் நகர்ந்திருந்தால் இன்னும் 2 சேர்ந்து 12. பெரிய விளையாட்டு அதைத் தாங்கும், ஏனென்றால் ஒரே இயந்திரத்தில் பல ஆயுதங்கள். ஆளுக்கு ஒரு துப்பாக்கி உள்ள சிறு ஆட்டத்தில் ஒரு சுற்றே வெறுமனே போய்விடும். ஆகவே எத்தனை காரணம் சேர்ந்தாலும் மொத்தம் 2-க்கு மேல் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று வரம்பு போடுங்கள். அடிப்படைத் தேவை 6 முதல் 8-க்குள் நிற்கட்டும். ஆயுதத்தின் துல்லியத்துக்கு மூன்றே படி போதும்: தேவையில் 1 குறைவு, சாதாரணம், 1 கூடுதல். அதற்கு மேலும் நல்ல துப்பாக்கி வேண்டுமென்றால் மறு உருட்டு, அதாவது தப்பினால் இன்னொரு முறை உருட்டும் வாய்ப்பு, கொடுங்கள். 7 தேவைப்படும்போது மறு உருட்டு 58.3-ஐ 82.6 ஆக்கும், ஆனால் எந்த நிலையிலும் வாய்ப்பை இரண்டு மடங்குக்கு மேல் கொண்டுபோகாது. தேவையை 12-இலிருந்து 11 ஆக்கினாலோ மூன்று மடங்கு!

படை சேர்க்கும்போது ஆயுதத்துக்கும் கருவிக்கும் இத்தனை புள்ளி என்று விலை வைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தேவையை ஒன்று குறைக்கும் தூரநோக்கி, 7-இல் இருப்பவருக்கு 1.24 மடங்கு லாபம். 10-இல் இருப்பவருக்கு 1.67 மடங்கு. 20 முகத்தில் இந்தத் தொல்லை இல்லை என்பது பொய்: 50%-ஐ 55% ஆக்குவது 1.1 மடங்கு, 5%-ஐ 10% ஆக்குவது இரண்டு மடங்கு. சோதனை ஆட்டங்களில் ஒவ்வொரு முறை சுடும்போதும் தேவைப்பட்ட எண்ணைத் தாளில் குறியுங்கள். அடிக்கடி வரும் எண் எதுவோ, அதற்கான லாபத்தை வைத்து விலை போடுங்கள்.

சராசரிச் சேதத்தை மட்டும் பார்த்து விலை வைப்பது இன்னொரு பிழை. 50% வாய்ப்பில் 6 சேதம் தரும் ஒரு குண்டும், அதே வாய்ப்பில் தலா 2 தரும் மூன்று குண்டுகளும் சராசரியில் 3 தான். உயிர்ப்புள்ளி 4 உள்ள, அதாவது 4 சேதத்தில் விழும் எதிரியை இரண்டும் சரியாக 50% வீழ்த்தும். 2 உள்ளவரை மூன்று குண்டு 87.5% வீழ்த்தும், 6 உள்ளவரை 12.5% மட்டுமே, ஒற்றைக் குண்டு எங்கும் அதே 50%. கவசம் குண்டுக்கு 1 சேதம் குறைத்தால் சராசரி 2.5, 1.5 என்று பிரிந்துவிடும். அதிர்ஷ்டத்தை அடக்க வேண்டுமானால் பகடையை மாற்றாமல் குண்டைப் பிரிப்பதுதான் வழி.

பல மாதம் நீளும், பாத்திரம் சிறிது சிறிதாகத் தேறும் கதை விளையாட்டுக்கு 20 முகமே சரி. அங்கே 5% படிகள் வேண்டும், இரண்டு பகடையில் மொத்தமே 11 விடைதான். ஒரு பக்கம் நாற்பது, ஐம்பது உருவங்கள் நிற்கும் ஆட்டத்துக்கு மேலே சொன்ன வரம்புகளை அப்படியே எடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு பகடை தனித்தனியாக உருட்டிக் கூட்டினால் ஒரு சுற்றுக்கே பொழுது போய்விடும். அங்கே ஆளுக்கொரு பகடையாக அள்ளிப் போட்டு, 4-உம் மேலும் விழுந்தவற்றை எண்ணுவது வேகம். ஆறு பகடை போட்டால் ஒன்றுகூடப் படாமல் போவது 64-இல் ஒரு முறைதான்.