முதுகில் கம்பி, இடுப்பில் பேட்டரி: நாலாம் வருஷம்

தண்டுவடத்துக்கு மின்துடிப்பு அனுப்பி வலியை மறிக்கும் மெஷின் ஒன்று (ஸ்பைனல் கார்ட் ஸ்டிமுலேட்டர்) என் உடம்புக்குள் இருக்கிறது. போன வாரம் அதன் சார்ஜர் வயர் அறுந்தது. அன்றைக்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து சின்னம்மா மகன் போன் போட்டு, "அக்கா, எனக்கும் கணைய வலிதான். அந்த மெஷினை வைத்துக்கொள்ளலாமா?" என்றான். நல்ல நேரம் பார்த்துக் கேட்டான்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவள் நான். மார்ஃபின் மலச்சிக்கலைத்தான் தந்தது. மேல்வயிற்று வலி நடுமுதுகு வழியாகத்தான் தண்டுவடத்துக்குள் போகிறதாம். அதனால் மின்துடிப்பு தரும் கம்பியின் நுனி ஐந்தாம் மார்பு முள்ளெலும்புப் பக்கம். முதல் ஒரு வாரம் மின்துடிப்பு தரும் பெட்டியை உடம்புக்கு வெளியே ஒட்டிச் சோதித்தார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் உள்ளே வைப்பார்கள். கணையத்தை இது குணமாக்காது, வலிச் செய்தியைத்தான் மறிக்கும். ஆனால் அந்த ஏழாம் நாள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் நின்று கீரைக்குப் பேரம் பேசினேன்! பையை மகள் தூக்கினாள். குனியாதே, தூக்காதே என்று உத்தரவு.

மல்லாந்து படுத்தால் தண்டுவடம் கம்பியை நெருங்கிவிடும், துடிப்பு கூடுதலாக உறைக்கும். ரிமோட்டில் இரண்டு படி குறைக்க மறந்தேனோ, விலாவைச் சுற்றி எறும்புக் கூட்டம். அதுகூடப் பழகிவிட்டது.

பழகாதது சார்ஜர். முதலில் அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும், பிறகு அது எனக்கு ஏற்றும். தோலுக்கடியில் இருக்கும் பேட்டரிக்கு நேராகச் சார்ஜரின் வட்டத் தகட்டை வைத்துப் பெல்ட்டை இறுக்கி ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் வியர்வையில் வழுக்கும்; வழுக்கினால் 'பீப்'. ரசத்துக்குத் தாளிக்க எழுந்தால் 'பீப்'. 2023இல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது கரண்ட் அட்டவணையைப் பார்த்துத்தான் என் வயிற்றுக்கு நேரம் ஒதுக்கினேன்.

இப்போது வயர். ஆபரேஷனுக்கு அவ்வளவு பணம் கட்டிய மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு), ஒரு முழ வயருக்கு 'துணைப்பொருள்' என்று கையை விரித்துவிட்டது. விற்ற கம்பெனியோ தனி வயர் கிடையாது, முழு சார்ஜரையும் வாங்கு என்கிறது. விலையைக் கேட்டதும் வயிறே வலித்தது.

தம்பியிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி பேட்டரி தீர்ந்தது. மூன்று மணிக்குப் பழைய வலி வந்து கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டது. காலையில் கடன் அட்டையை எடுத்து சார்ஜருக்கு ஆர்டர் போட்டேன். கூரியர் வியாழக்கிழமைதானாம்.