ஒரு சொல்லைக் கொண்டு ஓர் அகராதியைப் பார்த்தேன்

ரோஸ் ஹில்லில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன். மொரீஷியஸ் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் நம்மவர்க்கு அது பயன்படுமா என்று பார்க்க, என் வகுப்பில் ஒரு பிள்ளை, “மிஸ், ‘அப்ரோச்’ பிரெஞ்சு ‘அப்ரோஷே’தானே?” என்று கேட்ட அதே சொல்லைத் தேடினேன்.

ஆறே வரிகளில் அவள் ஊகம் உறுதியாயிற்று. பழைய பிரெஞ்சிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், பிற்கால இலத்தீனின் ‘அப்ரோப்பியாரே’ என்னும் வினையிலிருந்து பிறந்தது; ‘ப்ரோப்பே’ என்றால் அருகில், அதன் ஒப்புநிலையான ‘ப்ரோப்பியுஸ்’ என்றால் இன்னும் அருகில். ஆகவே வெறுமனே பக்கத்தில் இருப்பதை இச்சொல் குறிப்பதில்லை; முன்பு நின்ற இடத்தைவிடக் கிட்ட வருவதையே குறிக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கே கொடுத்த விலை தகும். ‘நியர்’ என்ற சொல்லையும் புரட்டினேன்: அருகில் என்று இன்று பொருள்படும் அதுவும் பழைய ஆங்கிலத்தில் ‘இன்னும் அருகில்’ என்ற ஒப்புநிலைச் சொல்லாகவே இருந்ததாம். அண்டை வீட்டாரைக் குறிக்கும் ‘நெய்பர்’ என்பதன் முற்பகுதியும் அதே வேரினது. நம் அண்டை, அண்மை, அணுகு ஆகிய சொற்களும் இப்படித்தான் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன.

குறையும் உண்டு. வங்கியிடம் கடன் கேட்டுச் செல்வதும், பிளேசான்ஸ் விமான நிலையத்தை நோக்கி விமானம் தாழ்ந்து வருவதும், ஒரு சிக்கலைக் கையாளும் முறையும் ஒரே சொல்லுக்குள் எப்படி அடங்கின என்பதை இந்நூல் சொல்லவில்லை. 691ஆம் குறளில் ‘அகலாது அணுகாது’ என வரும் அணுகுதலிலிருந்து நாம் ‘அணுகுமுறை’யை ஆக்கிக்கொண்டதை நினைத்தால், பொருள் நகர்ந்த வழி ஓரளவு புலப்படும், ஆயினும் அதைக் காட்டுவது அகராதியின் கடமையல்லவா?

எழுத்து மிகச் சிறியது, தாள் நன்று. பிரெஞ்சு அறிந்த ஆசிரியர்கள் தயங்காமல் வாங்கலாம். கடையில் இன்னொரு படி இருந்தது. சுருக்கக் குறிகளை விளக்கும் முன்பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள், என் படியில் அவை இல்லை.